எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டோம், தெரபியில் மட்டும் என்ன பேசிவிடப் போகிறார்கள்?

கேள்வி: எங்கள் மகனுக்குப் பத்து வயது. பாசமான பையன். ஆனால் நினைத்தது நடக்கவில்லை என்றால் ஒரு நொடியில் ஆளே மாறிவிடுகிறான். விளையாட்டில் தோற்றால் கையில் இருப்பதைத் தூக்கி எறிகிறான். மொபைலை வாங்கி வைத்தால் உதைக்கிறான். ஆறு வயதுத் தங்கைக்கு ஒரு தடவை உதடே கிழிந்துவிட்டது. பள்ளியிலிருந்தும் புகார் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து மடியில் படுத்து அழுகிறான். குழந்தைகள் மனநல மருத்துவர், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை எடுத்துப் பாருங்கள், ஏமாற்றம் வரும்போது மூளை நடந்துகொள்ளும் விதமே அதில் மாறும் என்றார். என் கணவரோ, ‘நாம பேசாத பேச்சா? பேசினா மூளை மாறுமா? அதுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே’ என்கிறார். உறவினர் ஒருவர், குத்தித் தீர்த்துக்கொள்ள ஒரு பஞ்ச் பேக் வாங்கித் தரச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. என்னிடம் வரும் பெற்றோரில் பலர் மனதில் அதுதான் ஓடுகிறது. சங்கோஜத்தில் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் இருவரும் மகனிடம் பேசியது எந்தெந்த நேரங்களில் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, அவன் கத்திக்கொண்டிருக்கும்போது. இல்லையென்றால், எல்லாம் அடங்கி அவன் அழுதுகொண்டு வந்த பிறகு. முதல் நேரத்தில் எதுவும் காதில் ஏறாது. இரண்டாவது நேரத்தில் ஏறும். தலையாட்டுவான், இனிமேல் அடிக்க மாட்டேன் என்று மனதாரச் சத்தியமும் செய்வான். ஆனால் அடுத்த முறை தோற்கும்போது, கை ஓங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று விநாடிகளில், அந்தச் சத்தியம் அவன் உதவிக்கு வருவதில்லை. அடிப்பது தப்பு என்பது அவனுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் பிறகு வந்து அழ மாட்டான். அவனுக்கு இல்லாதது, அந்த சில விநாடிகளைக் கடக்கும் பழக்கம். கரையில் நின்றுகொண்டு நீச்சலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் அது நீச்சல் ஆகாது. நல்ல தெரபியில் நடப்பது, குழந்தையைச் சின்னதாக, பாதுகாப்பாக, அவனுடைய சம்மதத்தோடு ஏமாற்றத்துக்குள் இறக்கி, அதற்குள் இருக்கும்போதே வேறு மாதிரி செய்யப் பழக்குவது.

அந்த சில விநாடிகளில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், இந்தப் பழக்கம் ஏன் தேவை என்பது புரியும்.

ஆப்ரம் ஆம்செல் என்ற உளவியலாளர் 1952-இல் தன் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். எலிகள் ஒரு பாதையில் ஓடினால் அதன் முடிவில் உணவு. அங்கிருந்து இரண்டாவது பாதையில் ஓடினால் மறுபடி உணவு. எலிகளுக்கு இது நன்றாகப் பழகிய பிறகு, சில தடவை முதல் பாதையின் முடிவில் உணவு வைக்காமல் விட்டார்கள். கிடைக்காத எலி சோர்ந்துபோய் மெதுவாக ஓடும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் உணவு கிடைத்த தடவைகளைவிட, கிடைக்காத தடவைகளில்தான் இரண்டாவது பாதையில் அது வேகமாக ஓடியது. வரும் என்று நம்பியது வராமல் போனால் உடம்பில் வேகம் கிளம்புகிறது. உங்கள் மகன் தோற்றவுடன் கையில் இருப்பதை எறிவதும் இந்த வகைதான். எதிர்பார்த்தது கைநழுவினால் உடம்பு முடுக்கிக்கொள்வது, பரிணாமம் நம் எல்லோருக்குள்ளும் வைத்திருக்கும் ஏற்பாடு. நாம் அதை அடக்கித் திசை திருப்பக் கற்றிருக்கிறோம். அவன் இன்னும் கற்கவில்லை.

எதிர்பார்த்தது வந்ததா, வரவில்லையா என்று மூளை விடாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்த வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990-களில் இதைக் கண்ணெதிரே காட்டினார். எதிர்பார்த்த பழச்சாறு வராமல் போனால், அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அந்த அணுக்களின் துடிப்பு சட்டென்று சரிந்துவிடுகிறது. ‘ஏதோ குறைகிறது’ என்ற அந்தச் செய்தியோடு, ஆபத்தையும் முக்கியமானதையும் முகர்ந்து பிடிக்கும் அமிக்டாலா என்ற சிறிய பகுதியும் விழித்துக்கொள்கிறது. இதயம் படபடக்கிறது, தசை இறுகுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்குத்தான் ‘பொறு, இது விளையாட்டுதான்’ என்று சொல்லி, ஓங்கிய கையை நிறுத்தும் வேலை. மூளையில் கடைசியாக முதிர்ச்சி அடைவதும் இந்தப் பகுதிதான்; இருபது வயதைத் தாண்டியும் அது வளர்ந்துகொண்டே இருக்கும். பத்து வயதில் எந்தக் குழந்தைக்கும் அது பாதி வேலையில்தான் நிற்கிறது. சிலருக்கு ஏமாற்றத்தின் அலை கூடுதல் உயரமாக எழுகிறது, அவ்வளவுதான்.

இனி உங்கள் கணவரின் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். பேசினால் இது மாறுமா?

மாறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவில் டொரன்டோவைச் சேர்ந்த மார்க் லூயிஸ், இசபெலா கிரானிக் ஆகியோரின் குழு, அடிதடிக்காகச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட 8 முதல் 12 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டது. குழந்தைகளுக்கு சி.பி.டி., பெற்றோருக்குத் தனியாகப் பயிற்சி, இரண்டும் சேர்ந்த சிகிச்சை அது. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் தலையில், மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. மின்வாய்களைப் பொருத்தி, குழந்தையைக் கணினியில் ஒரு விளையாட்டு ஆட வைத்தார்கள். திரையில் எழுத்துகள் வரவர பொத்தானை அழுத்த வேண்டும். குறிப்பிட்ட சில நேரங்களில் அழுத்தாமல் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். புள்ளிகள் சேர்ந்தால் நல்ல பரிசு. முதல் பகுதியில் புள்ளிகள் ஏறிக்கொண்டே போகும். குழந்தை பரிசைக் கிட்டத்தட்ட கையில் வாங்கிவிட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும்போது, நடுப்பகுதியில் அத்தனையும் கரைந்துபோகும்படி விளையாட்டை அமைத்திருந்தார்கள். கடைசிப் பகுதியில் புள்ளிகள் திரும்பி வரும். உங்கள் வீட்டில் தினம் நடப்பது அந்த நடுப்பகுதிதான், இல்லையா? எரிச்சல் ஏறிய நிலையில் தன் கையைக் கட்டுப்படுத்த ஒரு குழந்தையின் மூளை என்ன பாடுபடுகிறது என்பதை அங்கே அளந்தார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு அடிதடி குறைந்த குழந்தைகளிடம் அந்த எதிர்வினை மாறியிருந்தது. குறையாத குழந்தைகளிடம் அப்படி மாறவில்லை. அதாவது தெரபி அறையில் வந்து உட்கார்ந்ததால் மட்டும் மூளை மாறிவிடவில்லை. நடத்தையும் மூளையின் எதிர்வினையும் சேர்ந்தே நகர்ந்தன.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. மூளையின் முன்பகுதி கட்டுப்படுத்தும் பகுதி என்றால், சிகிச்சைக்குப் பிறகு அது கூடுதலாக வேலை செய்திருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? தேறிய குழந்தைகளிடம் அதன் கீழ்ப்பக்கத்தில் எழுந்த துடிப்பு குறைந்திருந்தது. நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: முன்பு அந்தக் குழந்தை முழு பலத்தையும் போட்டுத் தன்னைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது, அப்படியும் முடியவில்லை. இப்போது அவ்வளவு போராட்டம் தேவைப்படவில்லை. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் 195 சிறுவர் சிறுமியரை வைத்து வெளியிட்ட ஆய்வையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். அங்கும் ஏமாற்றம் தரும்படி அமைத்த ஒரு விளையாட்டுதான். எரிச்சல் சுபாவம் அதிகமாக இருந்த குழந்தைகளிடம், ஏமாற்றத்துக்கு அடுத்து கவனம் செலுத்த வேண்டிய நேரத்தில், மூளையின் முன்பகுதியும் பரிசு சம்பந்தப்பட்ட ஆழ்பகுதியும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் துடித்தன. அதாவது இந்தக் குழந்தைகள் முயற்சி செய்யாமல் இல்லை. உள்ளே பெரிய முயற்சி நடக்கிறது, வெளியே நமக்குத் தெரிவது பறந்து வரும் பொருள் மட்டும்தான். ‘கொஞ்சம்கூட கன்ட்ரோலே இல்லை உனக்கு’ என்று அவனிடம் சொல்வதை இன்றே நிறுத்திவிடுங்கள். அது உண்மையும் இல்லை.

சரி, ஸ்கேன்? வேண்டாம். குழந்தைகளின் மூளையைப் பற்றி நான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் பல குழந்தைகளின் பதிவுகளைச் சேர்த்து, சராசரி பார்த்துக் கண்டவை. ஒரு குழந்தையின் எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக்கொண்டு ‘இவனுக்குக் கோபம் ஏன் வருகிறது’, ‘தெரபி வேலை செய்திருக்கிறதா’ என்று சொல்லும் நிலைக்கு இந்தத் துறை இன்னும் வரவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். தலையில் அடிபட்ட பிறகு சுபாவம் மாறியிருந்தாலோ, கோபத்துக்கு முன்போ பின்போ வெறித்துப் பார்த்தபடி நினைவு தப்பினாலோ மருத்துவரே பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். அது வேறு விஷயம். உங்கள் மகனுக்கு மாற்றம் வந்திருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள, ஒரு வாரத்தில் எத்தனை தடவை கை ஓங்கினான், எவ்வளவு நேரத்தில் அடங்கினான் என்று எழுதி வைத்துக்கொண்டாலே போதும்.

தெரபி அறைக்குள் என்ன நடக்கும் என்று பலருக்குத் தெரியாததால்தான் ‘சும்மா பேசுவாங்க’ என்ற எண்ணம் வருகிறது. நான் செய்யும் ஒரு பயிற்சியை அப்படியே சொல்கிறேன்.

முதல் சில வாரங்கள் குழந்தையோடு பழகி, அவன் கோபத்துக்குச் சுழியத்திலிருந்து பத்து வரை ஓர் அளவுகோல் வரைந்திருப்போம். மூன்றில் என்ன நடக்கும், ஆறில் உடம்பு என்ன செய்யும், ஒன்பதில் என்ன ஆகும் என்று அவனே எழுதியிருப்பான். அப்புறம் ஒருநாள் சொல்வேன்: ‘இன்னைக்கு நாம சீட்டு விளையாடப் போறோம். நடுவுல நான் அநியாயமா ரூல மாத்துவேன். உனக்குக் கோபம் வரும். வரணும்னுதான் பண்றேன். சரியா?’ சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். ஆட்டம் தொடங்கும். ஜெயிக்கப்போகும் நேரத்தில், ‘இனிமே பெரிய நம்பர் வச்சிருக்கிறவங்க அவுட்’ என்பேன். முன்கூட்டியே சொல்லியிருந்தும் காது சிவக்கும். சீட்டைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுக்கும். அங்கே ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். ‘இப்ப எத்தனை?’ ‘அஞ்சு… இல்ல, ஆறு.’ ‘உடம்புல எங்க தெரியுது?’ ‘காது சுடுது. பல்லு இறுகுது.’ பல்லைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்வேன். போன வாரம் அவனே தேர்ந்தெடுத்த ஒரு வாக்கியத்தைத் தனக்குள் சொல்லிக்கொள்வான். ஒரு பையன் தேர்ந்தெடுத்தது, ‘இது போனா இன்னொரு ஆட்டம் இருக்கு.’ மறுபடி கேட்பேன். ‘நாலு.’ ஆட்டம் தொடரும். அன்றைக்கு அவன் தோற்றே போவான். சீட்டு மேசையிலேயே இருக்கும்.

ஆறு நாலாக இறங்கியதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கோபம் ஏறினால் இறங்கவும் செய்யும், அதை இறக்க என்னால் முடியும் என்பதை அவன் உடம்பே அப்போது தெரிந்துகொள்கிறது. அடுத்த வாரம் ஏமாற்றம் கொஞ்சம் பெரிதாகும். அதற்கடுத்து வீட்டில் உண்மையாக நடந்த சண்டையை நடித்துப் பார்ப்போம். திரும்பத் திரும்பச் செய்வதால்தான் மூளை மாறுகிறது. ஒரு தடவை மனதைத் தொடும்படி பேசிவிட்டால் நடந்துவிடும் காரியம் இல்லை இது.

எத்தனை என்று கேட்பதற்கும் ஒரு காரணம் உண்டு. உளவியலாளர் மேத்யூ லீபர்மனும் குழுவினரும் 2007-இல் பெரியவர்களை வைத்துச் செய்த ஸ்கேன் ஆய்வில், கோபமான அல்லது பயந்த முகப் படத்தைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சிக்கு வார்த்தையால் பெயர் வைத்தால், அமிக்டாலாவின் துடிப்பு குறைந்தது. முன்மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. குழந்தைகளுக்குப் பத்து வயதில் உணர்ச்சிகளுக்கான வார்த்தைகள் குறைவு. கோபம் என்ற ஒரே பையில் அவமானம், பொறாமை, பயம், பசி எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பார்கள். பெயர் சொல்லத் தெரிவதே சிகிச்சையின் ஒரு பகுதி.

இன்னொரு பகுதி, அடுத்தவர் மனதைப் படிப்பது. முதுகில் வந்து ஒரு பந்து படுகிறது. வேண்டுமென்றே எறிந்தார்களா, தெரியாமல் பட்டதா? உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-இல் காட்டியது இதுதான்: எது என்று தெளிவாகத் தெரியாத நேரங்களில், அடிதடி சுபாவமுள்ள சிறுவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ‘வேண்டுமென்றே செய்தான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்கள் மகனிடம் பள்ளிச் சண்டைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ‘அவன்தான் வேணும்னே…’ என்று தொடங்குவான். பொய் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. தெரபியில் இதற்கு வேறு என்ன காரணமெல்லாம் இருக்கலாம் என்று துப்பறிவாளர் மாதிரி தேட வைப்போம். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

பஞ்ச் பேக் வாங்க வேண்டாம். குத்தினால் கோபம் வெளியே போய்விடும் என்பது உலகம் முழுக்க இருக்கும் நம்பிக்கை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார். கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதற்குப் பிறகு குறைவான மூர்க்கத்தைக் காட்டினார்கள். உங்கள் மகன் ஏற்கெனவே கோபம் வந்தால் கையை வீசப் பழகியிருக்கிறான். அதற்கே இன்னொரு பயிற்சிக் களம் எதற்கு? ஓடட்டும், பந்து விளையாடட்டும், நல்லது. கோபம் வந்த நேரத்துக்கு மருந்தாகக் குத்துவதைக் கொடுக்காதீர்கள். அடித்துத் திருத்துவது பற்றியும் ஒரு வரி: அடி வாங்கும் குழந்தைகளிடம் மூர்க்கம் கூடுவதைத்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்கும் உங்கள் கணவருக்கும். பெற்றோர் வெளியே காத்திருக்க, குழந்தையை மட்டும் உள்ளே அனுப்பித் திருத்தித் தரச் சொல்லும் சிகிச்சையில் எனக்கு நம்பிக்கை குறைவு. உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் அமெரிக்காவின் ஓரிகனில் பல ஆண்டுகள் வீடுகளுக்குள் உட்கார்ந்து, குடும்பங்களின் சண்டைகளை நொடிக்கு நொடி பதிவு செய்தவர். அவர் கண்டதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திச் சொல்கிறேன். ‘மொபைல கொடு’ என்கிறீர்கள். ‘அஞ்சு நிமிஷம்.’ மறுபடி கேட்கிறீர்கள், குரல் கொஞ்சம் உயர்கிறது. அவன் குரலும் உயர்கிறது. பிடுங்கப் போகிறீர்கள், உதைக்கிறான். தங்கை பயந்து அழுகிறாள். ‘என்னமோ பண்ணித் தொலை’ என்று விட்டுவிடுகிறீர்கள். சத்தம் நிற்கிறது. இப்போது பாருங்கள்: உதைத்தால் மொபைல் தங்கும் என்று அவன் கற்றுக்கொண்டான். விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். இருவருக்குமே பரிசு கிடைத்துவிட்டது, அதனால் நாளைக்கும் இதே நடக்கும். இதில் யாரும் கெட்டவர் இல்லை. களைத்துப்போன எந்தத் தாயும் இப்படித்தான் செய்வார்.

இந்தச் சங்கிலியை உதையில் அறுக்க முடியாது, முதல் கண்ணியில்தான் அறுக்க முடியும். மொபைல் கொடுக்கும்போதே எப்போது திரும்ப வாங்குவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அடுத்த அறையிலிருந்து கத்தாதீர்கள். முனகிக்கொண்டே கொடுத்தால்கூட, ‘கஷ்டமா இருந்தும் கொடுத்துட்டியே’ என்று அப்போதே சொல்லுங்கள். கொடுக்காவிட்டால் நாளைக்கு மொபைல் கிடையாது என்று முன்பே பேசி வைத்திருப்பதைக் குரல் உயர்த்தாமல் நிறைவேற்றுங்கள். முதல் சில நாள் ஆத்திரம் முன்னைவிடக் கூடும். உணவு கிடைக்காத எலி வேகமாக ஓடியது ஞாபகம் இருக்கிறதா? வழக்கமான பரிசு நின்றால் முதலில் வேகம் ஏறத்தான் செய்யும். அங்கே மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டால், இன்னும் பெரிதாகக் கத்தினால் கிடைக்கும் என்று ஆகிவிடும். இதில் உங்கள் கணவரும் நீங்களும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். ஒருவர் மறுத்து மற்றவர் கொடுத்தால் எந்த தெரபியும் பலிக்காது.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? குழந்தைகளின் கோபத்துக்கான சி.பி.டி. பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்து டெனிஸ் சுகோடால்ஸ்கி குழுவினர் 2004-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், பலன் நடுத்தர அளவில் இருந்தது. அதிலும் உணர்ச்சிகளைப் பற்றி வெறுமனே பாடம் நடத்திய வகைகளைவிட, நடித்துப் பார்த்துத் திறமைகளைப் பழக்கிய வகைகளே மூர்க்கத்தைக் குறைப்பதில் மேலாக இருந்தன. நடுத்தரம் என்றால் மாயம் நடக்காது, ஆனால் வீட்டில் உணரும்படி மாறும். வழக்கமாக வாரம் ஒரு முறை, பன்னிரண்டு வாரங்கள் அளவில் போகும். அதன் பிறகும் உங்கள் மகனுக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். தினம் கை ஓங்கியவன் எப்போதாவது ஓங்குவான், ஒரு மணி நேரம் கத்தியவன் பத்து நிமிடத்தில் திரும்பி வருவான். அதைப் பெரிய வெற்றியாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

எல்லாக் குழந்தைக்கும் இது ஒரே மாதிரி பொருந்தாது. ஆத்திரம் எதுவும் இல்லாமல், திட்டம் போட்டு, நிதானமாக அடுத்தவரை நோகடித்து, பிறகு வருத்தமும் படாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு அணுகுமுறை வேறு. உங்கள் மகன் அந்த வகை இல்லை என்பது அவன் மடியில் வந்து அழுவதிலேயே தெரிகிறது. அதே நேரம், கவனக்குறைவும் துறுதுறுப்பும், படிப்பதில் உள்ள சிரமம், பதற்றம், ஆட்டிசம், பள்ளியில் யாராவது சீண்டுவது ஆகியவை கோபத்துக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். மருத்துவர் இவற்றைப் பார்த்தாரா என்று கேளுங்கள். தூக்கத்தையும் கவனியுங்கள். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. அது குறைந்த பையனுக்கு எந்தப் பயிற்சியும் பாதிதான் பிடிக்கும். மாத்திரை வேண்டாம் என்று இப்போது சொன்ன மருத்துவர் பின்னால் வேண்டும் என்று சொன்னால் பயப்படாதீர்கள். கவனக்குறைவுக் கோளாறு போன்ற ஒன்று இருந்தால், அதற்கான மருந்தும் தெரபியும் சேர்ந்து போகலாம்.

தெரபிஸ்ட்டை முதலில் சந்திக்கும்போது தயங்காமல் கேளுங்கள்: இந்த வயதுக் குழந்தைகளின் மூர்க்கத்துக்கு சி.பி.டி. செய்து பழக்கம் உண்டா, அறைக்குள் நடித்துப் பார்க்கும் பயிற்சி உண்டா, எங்களுக்குத் தனியாக நேரம் தருவீர்களா, வீட்டில் செய்ய என்ன கொடுப்பீர்கள். ‘குழந்தையை விட்டுட்டுப் போங்க, நான் பேசிக்கிறேன்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஒருவரைப் பாருங்கள். மகனிடம் ‘உன்னைச் சரி பண்ண ஒருத்தர்கிட்ட போறோம்’ என்று சொல்லாதீர்கள். ‘கோபம் வரும்போது உனக்கே கஷ்டமா இருக்குல்ல, அதைச் சமாளிக்கச் சொல்லித் தருவாங்க, அம்மா அப்பாவும் சேர்ந்து கத்துக்கப் போறோம்’ என்று சொன்னால் போதும். அதுதான் உண்மையும்கூட. அவன் ஆயுதம் மாதிரி எதையாவது எடுத்தாலோ, செத்துப்போகிறேன் என்று பேசினாலோ, வாய் இல்லாத பிராணிகளைத் துன்புறுத்தினாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, உங்கள் மகளைப் பற்றி. கடிதத்தில் அவள் ஒரு வரியில் வந்து போய்விடுகிறாள். இந்தப் பன்னிரண்டு வாரங்களில் அவள் அடி வாங்காமல் இருப்பது அண்ணன் கற்றுக்கொள்வதைப் பொறுத்து இருக்கக் கூடாது. அது உங்கள் பொறுப்பு. அண்ணன் குரல் உயர்ந்ததும் அவள் எழுந்துபோய்ச் சேர ஓர் இடத்தை வீட்டில் முடிவு செய்து, அமைதியான ஒரு நேரத்தில் அவளோடு நடந்து பழகுங்கள். உங்களில் ஒருவர் அவனோடு இருந்தால் மற்றவர் அவளிடம் போக வேண்டும். ‘அண்ணன் கோபக்காரன், நீ விட்டுக்கொடு’ என்று அவளிடம் சொல்லாதீர்கள். அவன் மன்னிப்புக் கேட்டாலும், உடனே கட்டிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவள் வலியை அவள் சொல்லட்டும். தெரபிஸ்ட்டைப் பார்க்கும் முதல் நாளிலேயே தங்கை அடி வாங்குவதையும் சொல்லி, அவளுக்கும் தனியாகக் கொஞ்சம் நேரம் ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள்.